ஸ்கீமா ஏற்றுமதிக் கருவிக்கு ஏஜென்ட் வாசிக்கும் ஆவணம்: திருகோணமலை மீன் தரவை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை மாவட்ட மீனவர் சங்கங்களின் பிடி விவரங்களைப் பதியும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணை அமைப்பை, அதாவது ஸ்கீமாவை, வெளியே எடுக்க இருவர் சேர்ந்து பைதனில் ஒரு கருவி எழுதியிருக்கிறார்கள். ஓடவிட்டால் அம்புக்குறி விசைகளால் தெரிவுசெய்யும் மெனு வரும்: எந்த அட்டவணைகள், எந்த வடிவம், மாதிரி நிரைகள் (அட்டவணையின் கிடை வரிசைகள்) வேண்டுமா, ஏற்கெனவே உள்ள கோப்பின்மேல் எழுதலாமா. மனிதர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இப்போது மாத அறிக்கை தயாரிக்கும் ஏஐ ஏஜென்ட் ஒன்று அதே கருவியை ஓட்ட வேண்டும். திரைப்பிடிப்புகளோடு எழுதிய பழைய கைநூலைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏஜென்ட் மெனுவிலேயே தொங்கி நிற்கிறது. சில வேளை தப்பி வந்தாலும் பிழையான வினவல் எழுதுகிறது. ஆவணத்தை எப்படி மாற்றி எழுதுவது?

ஆவணத்தில் கைவைக்குமுன் கருவியில் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் மெனு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், அதே விடையைக் கட்டளை வரியிலேயே தரக்கூடிய ஒப்ஷன் ஒன்று இருக்க வேண்டும். மெனுவைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டி, அது கேட்கும் கேள்விகளை ஒரு தாளின் இடப்பக்கம் எழுதுங்கள். வலப்பக்கம் அதற்குரிய ஒப்ஷனை எழுதுங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரிதான் ஏஜென்ட் தொங்குகிற இடம். இந்தத் தாளே உங்கள் புதிய ஆவணத்தின் முதற்பக்கமும் ஆகும். எல்லா வரியும் நிரம்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டாம்.

தொங்குவதன் காரணம் எளிது. ஏஜென்ட் கட்டளை ஒன்றை ஓட்டும்போது, அந்தக் கட்டளையின் உள்ளீடு பெரும்பாலும் டெர்மினலோடு, அதாவது மனிதர் தட்டச்சிடும் கட்டளைச் சாளரத்தோடு, இணைந்திருக்காது. உள்ளீடு மூடப்பட்டிருந்தால் பைதன் கோப்பின் முடிவு வந்துவிட்டது என்ற பிழையோடு உடனே விழும். அது நல்ல நிலைமை. உள்ளீடு திறந்தபடி ஆனால் யாரும் எதுவும் அனுப்பாமல் இருந்தால் கருவி காத்துக்கொண்டே இருக்கும். கால எல்லை முடிந்து யாராவது கொல்லும் வரை. சில ஏஜென்ட்கள் போலி டெர்மினல் ஒன்றை உருவாக்கி ஓட்டும். அப்போது கருவிக்கு எதிரே மனிதர் இருப்பதாகவே தோன்றும். நிறக் குறிகளும் அம்புக்குறி மெனுவின் கட்டுப்பாட்டு எழுத்துகளும் குப்பையாக ஏஜென்டிடம் போய்ச் சேரும். ஆகவே "டெர்மினல் இல்லாவிட்டால் கேள்வி கேட்காதே" என்ற சோதனை மட்டும் போதாது. "கேள்வி கேட்காதே" என்று வெளிப்படையாகச் சொல்லும் நோ-இன்புட் ஒப்ஷன் ஒன்று வேண்டும். அது இருக்கும்போது ஏதாவது ஒரு விடை குறைந்தால், கருவி எந்த ஒப்ஷன் குறைகிறது என்று பெயரைச் சொல்லி உடனே வெளியேற வேண்டும். ஊகித்து இயல்பு விடையை எடுத்துக்கொள்வது இன்னும் மோசம்: "எல்லா அட்டவணையும்" என்பது உங்கள் மெனுவின் இயல்பு விடையாக இருந்தால், ஒரு அட்டவணை கேட்ட ஏஜென்டுக்கு முழுத் தரவுத்தளமும் வந்து கொட்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் மூன்று சிறு விடயங்கள். நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் பேஜர் இருந்தால் அதுவும் ஒரு விசைக்காகக் காத்திருக்கும். நோ-இன்புட்டில் அதை நிறுத்துங்கள். நோ-கலர் என்ற சூழல் மாறி வைக்கப்பட்டிருந்தால் நிறம் போடாதீர்கள். அது பல கருவிகள் மதிக்கும் பொது வழக்கம். முன்னேற்றப் பட்டை, "இணைகிறது..." போன்ற வாசகங்கள், எச்சரிக்கைகள் எல்லாம் பிழை வெளியீட்டு வழியில் மட்டுமே போக வேண்டும், நியம வெளியீட்டில் ஜேசன் (கருவிகள் தரவைப் பரிமாறும் உரை வடிவம்) தவிர ஒரு எழுத்தும் வரக்கூடாது. இதை ஆவணத்தில் ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள்: "நியம வெளியீட்டில் வருவது ஒரே ஒரு ஜேசன் பொருள், வேறெதுவும் இல்லை." பின்னாளில் ஏஜென்ட்களைக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறையான மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டகோல், அதாவது எம்சிபி வழியாகக் கருவியை இணைக்க நினைத்தால் இது விருப்பத் தெரிவாக இராது. அந்த நெறிமுறை நியம உள்ளீடு வெளியீடு வழியே பேசும்போது நியம வெளியீட்டில் நெறிமுறைச் செய்தி மட்டுமே இருக்கலாம்; இடையே ஒரு "வணக்கம்" அச்சானாலும் மறுமுனை அதைச் செய்தியாக வாசிக்க முயன்று முறியும்.

கருவி ஓடி முடியும்போது தரும் வெளியேறும் எண்களையும் நிர்ணயித்து எழுதுங்கள். 0 வெற்றி. 2 தவறான பயன்பாடு. பைதனில் ஒப்ஷன்களை வாசிக்கும் ஆர்க்பார்ஸ் நூலகம் ஏற்கெனவே இந்த எண்ணைத்தான் தருகிறது, அதை மாற்ற வேண்டாம். 3 தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை, 4 கேட்ட அட்டவணை இல்லை, 5 அனுமதி போதாமல் பகுதி விடை மட்டும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 3க்கும் 4க்கும் வேறுபாடு ஏஜென்டுக்கு மிக முக்கியம்: முதலாவதில் மீண்டும் முயல்வது பயன் தரலாம், இரண்டாவதில் ஆயிரம் முறை முயன்றாலும் அதே விடைதான். பிழை வாசகத்தில் அடுத்த படியும் இருக்கட்டும். "அட்டவணை இல்லை" என்பதோடு நிறுத்தாமல், "லேண்டிங் என்ற அட்டவணை இல்லை, நெருங்கிய பெயர்கள்: லேண்டிங்ஸ், லேண்டிங்_சைட்ஸ்" என்று வந்தால் ஏஜென்ட் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

இதுவரை சொன்னது ஓடுவதற்கு. பிழையான வினவல் எழுதுவது வேறு நோய். அதற்கு மருந்து உங்கள் கைநூலில் இல்லை, தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஸ்கீமா என்பது பெயரும் வகையும் மட்டும் என்றால், ஏஜென்ட் பெயரை வைத்து அர்த்தத்தை ஊகிக்கும். "வெயிட்" என்ற நிரலைப் (அட்டவணையின் நெடு வரிசை) பார்த்தால் கிலோகிராம் என்று எடுத்துக்கொள்ளும். அது ஐஸ் சேர்த்து நிறுத்த எடையா, ஐஸ் கழித்ததா, கூடைக் கணக்கை எழுதுவினைஞர் கிலோவாக மாற்றியதா என்று அதற்குத் தெரிய வழியில்லை. சங்கத்தில் வேலை செய்யும் மனிதர் பக்கத்து மேசையில் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஏஜென்ட் கேட்காது, எழுதியதை நம்பும், எழுதாததை நிரப்பும். எனவே ஒவ்வொரு நிரலுக்கும் விளக்கம் வேண்டும், அந்த விளக்கம் போஸ்ட்கிரெஸின் கொமென்ட் ஒன் கட்டளையால் அந்த நிரலோடேயே ஒட்டப்பட வேண்டும். தனிக் கோப்பில் எழுதினால் அட்டவணை மாறும் நாளில் கோப்பு மாறாது. தரவுத்தளத்தில் எழுதினால் அட்டவணை மாற்றங்களைச் செய்யும் மைக்ரேஷன் கோப்பிலேயே நிரலும் விளக்கமும் சேர்ந்து வரும், பிஜி_டம்ப் கருவியால் நகல் எடுத்தாலும் கூடவே போகும். கருவி செய்ய வேண்டியது அதை வாசித்து வெளியீட்டில் சேர்ப்பது மட்டும். கவனிக்க: அட்டவணைகளைப் பற்றிய தகவலைத் தரும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் நிரல் பட்டியலில் இந்த விளக்கம் வராது, கோல்_டிஸ்கிரிப்ஷன் என்ற செயற்கூற்றைத் தனியே அழைக்க வேண்டும். இன்னொன்று: அந்தத் தரவுத்தளத்தோடு இணையக்கூடிய எந்த யூசரும் எல்லா விளக்கங்களையும் வாசிக்க முடியும். கடவுச்சொல், தொலைபேசி எண், யாருடைய படகு என்பது போன்ற எதையும் அங்கே எழுதாதீர்கள்.

விளக்கத்தில் என்ன எழுதுவது? நிரலின் பெயரைத் தமிழில் திருப்பிச் சொல்வது விளக்கமல்ல. "பயணத் திகதி: பயணத்தின் திகதி" என்பதால் யாருக்கும் பயனில்லை. கொட்பே துறைமுகத்திலிருந்து மாலை இறங்கும் படகு மறுநாள் விடியற்காலை கரை சேர்கிறது. பலநாள் படகு என்றால் வாரக்கணக்கில் ஆகலாம். திகதி புறப்பட்ட நாளா, கரை சேர்ந்த நாளா? மாத முடிவில் இந்த ஒரு வேறுபாடே இரண்டு மாதக் கணக்கையும் பிழையாக்கும். எனவே: "படகு கரைசேர்ந்து மீன் நிறுக்கப்பட்ட நாள், இலங்கை நேரப்படி. புறப்பட்ட நாள் வேறு நிரலில் உள்ளது. மாதாந்தக் கூட்டுத்தொகைக்கு இந்த நிரலையே பயன்படுத்துக." மூன்று வாக்கியம், ஒவ்வொன்றும் ஒரு பிழையைத் தடுக்கிறது. நேரத்தையும் சேர்த்துப் பதிகிறீர்கள் என்றால், நேர வலயமற்ற டைம்ஸ்டாம்ப் வகையா, வலயத்தோடு கூடியதா என்று பாருங்கள். சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடி, விடியற்காலை 4 மணிக்கு நிறுத்த மீனை அந்த நேரத்தில் பதிந்தால், அது முந்தைய நாள் இரவு 10.30 ஆகிவிடும், நம் நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் நிற்கிறது. மீன் நிறுப்பது பெரும்பாலும் விடியற்காலையில் என்பதால் இந்தப் பிழை அரிதாக அல்ல, நாள்தோறும் விழும்.

படகு வகை நிரலும் அப்படித்தான். கடற்றொழில் திணைக்களப் பதிவில் வரும் சுருக்கக் குறிகள் உங்கள் தரவில் இருக்கும்: ஐஎம்யூஎல் என்பது உள்ளிணைப்பு இயந்திரப் பலநாள் படகு, ஓஎஃப்ஆர்பி என்பது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகு, என்டிஆர்பி என்பது இயந்திரமற்ற மரபுவழிப் படகு, என்பிஎஸ்பி கரைவலைப் படகு. இந்தக் குறிகளை எல்லாம் ஏஜென்டுக்கு விளக்கத்தில் பட்டியலிட்டே ஆக வேண்டும். குறித்த மதிப்புகளை மட்டும் ஏற்கும் செக் (check) நிபந்தனையோ ஈனம் (enum) வகையோ இருந்தால் அனுமதிக்கப்பட்ட மதிப்புகளைக் கருவி தானே எடுத்து வெளியீட்டில் தர வேண்டும். கையால் எழுதினால் ஒன்று விடுபடும். பதிவெண்ணில் வரும் மாவட்டம் மீன் இறங்கிய இடமல்ல என்பதையும் எழுதுங்கள். பருவகாலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் வாடி எனப்படும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்பவர்களின் படகுகள் வேறு மாவட்டப் பதிவோடுதான் இருக்கும். பதிவெண்ணின் வாலைப் பார்த்து இடத்தைப் பிரிக்கும் ஏஜென்ட் இந்தப் படகுகளின் பிடியை முழுக்கத் திருகோணமலைக் கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இனி மீனின் பெயர். ஒரு சங்கத்தில் அறக்குளா என்று எழுதுவார்கள், அடுத்த சங்கத்தில் தோரா என்று சிங்களப் பெயரால் எழுதுவார்கள், இரண்டும் ஒன்றே. சூரையும் பலயாவும் அப்படியே கலந்து வரும். இனத்துக்குத் தனி அட்டவணை இருந்து பிடி அட்டவணையில் அதன் எண் மட்டும் இருந்தால் நல்லது, சுதந்திரமாகத் தட்டச்சிட்ட பெயரும் பழைய நிரலாக ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் விளக்கத்தில் "பழைய பதிவு, கூட்டுத்தொகைக்குப் பயன்படுத்தாதே, இன எண் நிரலைப் பயன்படுத்துக" என்று எழுதுங்கள். பயன்படுத்த வேண்டாதவை எவை என்று சொல்வது இங்கே பாதி வேலை. பழைய நிரல்கள், சோதனை அட்டவணைகள், யாரோ எடுத்து வைத்த நகல் அட்டவணைகள் எல்லாம் ஏஜென்டின் கண்ணுக்குச் சமமாகவே தெரியும்.

வெற்றிடங்களுக்கும் அர்த்தம் எழுதுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது சிறு படகுகள் நாட்கணக்கில் இறங்குவதில்லை. டிசம்பரில் சல்லியிலோ உப்புவெளியிலோ சில வாரங்களுக்குப் பதிவே இல்லாமல் இருக்கலாம். பதிவு இல்லை என்றால் பிடி சுழியமா, அல்லது எழுதுவினைஞர் இன்னும் அனுப்பவில்லையா? இது தெரியாத ஏஜென்ட் சராசரியைப் பிழையாகப் போடும், அல்லது "தரவு குறைபாடு" என்று அறிக்கையில் எழுதும். அட்டவணையின் விளக்கத்தில் ஒரு வரி போதும்: "இறங்காத நாளுக்கு நிரை இல்லை, சுழியம் என்று பதியப்படுவது படகு இறங்கி மீன் படாத நாள் மட்டும்."

அடுத்தது, இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் நான் சொல்லக்கூடியது: உங்கள் கருவி உங்கள் கணக்கில் ஓடும்போது சரியாகவும் ஏஜென்டின் கணக்கில் ஓடும்போது பிழையாகவும் இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. ஏஜென்டுக்கு வாசிப்பு அனுமதி மட்டும் உள்ள யூசரைக் கொடுத்திருப்பீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் போஸ்ட்கிரெஸில் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் நிபந்தனைப் பட்டியல், அந்த அட்டவணைக்கு நீங்கள் உரிமையாளராக இருந்தாலோ வாசிப்பைத் தவிர வேறு ஏதாவது அனுமதி உங்களுக்கு இருந்தாலோதான் அதன் நிபந்தனைகளைக் காட்டும். வாசிப்பு மட்டும் உள்ள யூசருக்கு அந்நியச் சாவிகள் (ஒரு அட்டவணையை இன்னொன்றோடு இணைப்பவை) பட்டியல் வெற்றாக வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. வெற்றுப் பட்டியல் மட்டும். ஏஜென்ட் "இந்த அட்டவணைகளுக்கிடையே தொடர்பில்லை" என்று முடிவுகட்டி, பெயர் ஒற்றுமையை வைத்து இணைக்கத் தொடங்கும். நீங்கள் உரிமையாளர் கணக்கில் சோதிப்பதால் உங்களுக்கு இது தெரியவே தெரியாது.

தீர்வு: தொடர்புகளை பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் என்ற உள் அட்டவணையிலிருந்து எடுங்கள், அதை எந்த யூசரும் வாசிக்கலாம். அந்நியச் சாவிக்கு அதன் வகைக் குறி சின்ன எஃப். பார்வைகளை (வினவலின் விடையை அட்டவணை போலக் காட்டுபவை) தரவோடு சேமித்து வைக்கும் மெட்டீரியலைஸ்ட் வியூ வகையும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வராது. பிஜி_கிளாஸ் என்ற உள் அட்டவணையில் சின்ன எம் குறியோடு இருக்கும். மாதச் சுருக்கத்தை அப்படி வைத்திருந்தால், ஏஜென்ட் அதைக் காணாமல் அடியிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருக்கும். ஆவணத்தில் எழுத வேண்டியது இரண்டு வேறுபாடு: தொடர்புப் பட்டியல் வெற்றாக இருந்தால் "பார்த்தோம், இல்லை" என்று பொருள், நல் (null, மதிப்பே இல்லை) ஆக இருந்தால் "பார்க்க முடியவில்லை" என்று பொருள். இரண்டாவது நேரும்போது வெளியேறும் எண் 5 வர வேண்டும்.

நிரைகளின் எண்ணிக்கையைக் காட்டுகிறீர்கள் என்றால் அதிலும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு அட்டவணையையும் எண்ணுவது பெரிய தரவில் நேரமெடுக்கும் என்பதால் பிஜி_கிளாஸில் உள்ள மதிப்பீட்டை எடுப்பது வழக்கம். அது மதிப்பீடு மட்டுமே. போஸ்ட்கிரெஸ் 14 முதல், இன்னும் ஆராயப்படாத அட்டவணைக்கு அங்கே -1 இருக்கும். புலத்தின் பெயரிலேயே மதிப்பீடு என்ற சொல்லை வையுங்கள், -1 ஐ நல் ஆக மாற்றுங்கள். இல்லாவிட்டால் "மொத்தப் பதிவுகள் -1" என்று அறிக்கையில் வரும்.

அளவைப் பற்றி. 60 அட்டவணை, ஒவ்வொன்றிலும் 12 நிரல் என்றால் 720 நிரல். ஒரு நிரலின் பெயர், வகை, விளக்கம் எல்லாம் 40 டோக்கன் (மொழி மாதிரி வாசிக்கும் எழுத்துத் துண்டு) என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 29,000 டோக்கன். தமிழ் விளக்கத்துக்கு இன்னும் கூடும். ஒரு கேள்விக்கு மூன்று அட்டவணைதான் தேவை. எனவே கருவியை மூன்று கட்டளையாகப் பிரியுங்கள்: அட்டவணைப் பெயரும் ஒருவரி விளக்கமும் மட்டும் தரும் பட்டியல், பெயர் சொல்லிக் கேட்ட அட்டவணைகளின் முழு விவரம், எல்லாவற்றையும் கோப்பில் எழுதும் ஏற்றுமதி. மூன்றாவது கட்டளை முடிவில் கோப்பின் பாதையை மட்டும் சொல்லட்டும், உள்ளடக்கத்தைக் கொட்ட வேண்டாம். எங்காவது வெளியீட்டை வெட்டுகிறீர்கள் என்றால் "வெட்டப்பட்டது: ஆம், மொத்தம் 60, தந்தது 25" என்று ஜேசனுக்குள்ளேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் வெட்டினால் 26ஆவது அட்டவணை உலகத்திலேயே இல்லை என்று ஏஜென்ட் நம்பும்.

ஒரே தரவுத்தளத்துக்கு இரண்டு முறை ஓடினால் எழுத்துக்கு எழுத்து ஒரே வெளியீடு வர வேண்டும்: அட்டவணை பெயர் வரிசையில், நிரல் அதன் இட வரிசையில். உருவாக்கிய நேரத்தை உள்ளே எழுதினால் ஒவ்வொரு முறையும் கோப்பு மாறியதாகவே தோன்றும். அதற்குப் பதில் கடைசி மைக்ரேஷனின் எண்ணையும் உள்ளடக்கத்திலிருந்து கணித்த, கைரேகை போன்ற ஹேஷையும் வையுங்கள். வெளியீட்டின் வடிவத்துக்கும் ஒரு பதிப்பெண் வேண்டும், அந்த வடிவத்தை ஜேசன் ஸ்கீமாவாகக் கருவியோடு சேர்த்து வைப்பதும் நல்லது.

தமிழ் எழுத்தில் நேரும் சிக்கல்கள் நமக்கே உரியவை. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது. பைதனின் ஜேசன் நூலகம் இயல்பாக ஆங்கிலமல்லாத எழுத்தை எல்லாம் எண் குறியாக மாற்றிவிடும். "திருகோணமலை" என்ற சொல்லில் 10 குறியீட்டுப் புள்ளிகள்; யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 30 பைட், எண் குறியாக மாறினால் 60 எழுத்து. அந்த நூலகத்தின் என்ஷூர்-ஆஸ்கி என்ற அமைப்பைப் பொய் (false) என்று வைத்தால் தமிழ் தமிழாகவே வரும். விண்டோஸில் பவர்ஷெல் 5.1 இருந்தால், வெளியீட்டை அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பும்போது அது யூடிஎஃப்-16 ஆக எழுதும். லினக்ஸில் ஓடும் ஏஜென்ட் அதைத் திறந்தால் குழம்பும். அதனால் கோப்பின் பெயரை ஒப்ஷனாக வாங்கி, கருவியே யூடிஎஃப்-8இல் எழுதட்டும். ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளிலும் அம்புக்குறித் திருப்பலைக் காட்டாதீர்கள்.

நம் ஊரின் பெயரே ஒரு சோதனைக் கல். அதிலுள்ள "கோ" என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே புள்ளியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டால் சமமில்லை. வெவ்வேறு விசைப்பலகையிலிருந்து வந்த பதிவுகள் ஒரே நிரலில் இருந்தால், வினவலில் பாதி நிரை விடுபடும். பதியும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவுக்கு மாற்றுங்கள். பழைய தரவு மாற்றப்படாவிட்டால் அதை நிரலின் விளக்கத்தில் சொல்லுங்கள். இன்னும் பழைய தரவு பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டதாக இருக்கலாம். அது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாமல் பார்த்தால் பொருளற்ற எழுத்துக் கோவை. ஏஜென்ட் அதைக் கெட்டுப்போன தரவு என்று ஒதுக்கும், அல்லது மறைகுறியாக்கம் என்று நினைக்கும். "2010க்கு முந்தைய நிரைகள் பாமினியில்" என்பது போல எந்த எல்லை உங்களுக்குப் பொருந்துமோ அதை எழுதுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பார்வை ஒன்றை உருவாக்கி அதைச் சுட்டுவது அதைவிட நல்லது.

சொல்லைப் பற்றியும் ஒன்று. நாம் இங்கே பள்ளிக்கூடத்தில் நிரை, நிரல் என்று படித்தோம். தமிழகத்தில் நிரல் என்றால் கணினிப் புரோகிராம். ஏஜென்ட் இரண்டு வழக்கையும் கலந்தே கற்றிருக்கும். தமிழில் விளக்கம் எழுதுகிறீர்கள் என்றால் ஆவணத்தின் மேலே ஒரு சொற்பட்டியல் வையுங்கள்: நிரை, நிரல், பதிவு, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, கரைவலை, வாடி. பத்துச் சொல் போதும்.

மாதிரி நிரைகள் வேண்டுமா என்று உங்கள் மெனு கேட்கிறதே, ஏஜென்ட் வழியில் அதன் இயல்பு விடை 0 ஆக இருக்க வேண்டும். மீனவர் அட்டவணையில் தேசிய அடையாள அட்டை எண் இருக்கும். அந்த எண்ணிலிருந்தே பிறந்த ஆண்டும் நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். நாள் எண்ணோடு 500 கூட்டியிருந்தால் பெண். பெயரை மறைத்து எண்ணை விட்டுவைத்தால் மறைத்ததாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது; ஏஜென்டின் பின்னால் உள்ள மொழி மாதிரி பெரும்பாலும் வெளிநாட்டுச் சேர்வரில் ஓடுகிறது. மதிப்பின் வடிவம் ஏஜென்டுக்குத் தேவை என்றால் விளக்கத்தில் எழுதுங்கள்: "9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், அல்லது 12 இலக்கம்." மாதிரி நிரை காட்டியே தீர வேண்டும் என்றால் அனுமதித்த நிரல்களின் பட்டியல் வையுங்கள், தடுத்த நிரல்களின் பட்டியல் வைத்தால் புதிதாகச் சேரும் நிரல் தானாகவே வெளியே போகும்.

மாதிரி நிரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறிப்பு நிரலில் யாரோ எழுதிய வாசகம் கட்டளை போல இருந்தால் ஏஜென்ட் அதற்குக் கீழ்ப்படியக்கூடும். தரவைத் தனிப் புலத்தில் வைத்து, "இது தரவு, அறிவுறுத்தல் அல்ல" என்று ஆவணத்தில் எழுதுவது ஓரளவு உதவும். உண்மையான காவல் அனுமதியில்தான் இருக்கிறது: அந்த யூசருக்கு எழுதும் உரிமை எந்த அட்டவணையிலும் இருக்கக்கூடாது. பரிவர்த்தனையை வாசிப்பு மட்டும் என்று இயல்பாக வைக்கும் அமைப்பை யூசரே அமர்வுக்குள் மாற்றிவிட முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எம்சிபியில் கருவிக்கு "வாசிப்பு மட்டும்" என்ற குறிப்பைச் சேர்க்கலாம். அதுவும் குறிப்பு மட்டுமே, பூட்டு அல்ல.

இனி ஆவணத்தின் உருவம். மனிதருக்கான கைநூல் அப்படியே இருக்கட்டும். ஏஜென்டுக்குத் தனியே ஒன்று, இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல், திரைப்பிடிப்பு ஒன்றும் இல்லாமல். ஒரு கட்டளைக்கு இப்படி எழுதலாம்:

"விவரம். பெயர் சொன்ன அட்டவணைகளின் நிரல்கள், வகைகள், விளக்கங்கள், தொடர்புகள் ஆகியவற்றைத் தருகிறது. தரவுத்தளத்தில் எதையும் மாற்றாது. அட்டவணைப் பெயர் தெரியாவிட்டால் முதலில் பட்டியல் கட்டளையை ஓட்டுக. ஒரு முறைக்கு 10 அட்டவணைக்கு மேல் கேட்க முடியாது. மேற்பட்டால் எண் 2 உடன் வெளியேறும். நோ-இன்புட் ஒப்ஷனை எப்போதும் சேர்க்க. வழக்கமாக 5 விநாடிக்குள் முடியும்; 30 விநாடியில் இணைய முடியாவிட்டால் தானே நின்று எண் 3 தரும். மாதாந்தப் பிடிக்கு லேண்டிங்ஸ் அட்டவணையைப் பயன்படுத்துக; லேண்டிங்ஸ்_ஓல்ட் பழைய நகல்."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஏஜென்ட் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கு விடை. எப்போது இதை அழைப்பது, எப்போது வேறொன்றை அழைப்பது, எவ்வளவு காத்திருப்பது, தோற்றால் என்ன. கருவியின் வரலாறு, எந்த நூலகத்தில் எழுதியது, எதிர்காலத் திட்டம் எதுவும் இங்கே வேண்டாம். எம்சிபி வழியே இணைத்தால் இதே வாசகம்தான் கருவியின் விளக்கப் புலத்துக்கும் போகும்; ஒப்ஷன்கள் உள்ளீட்டு ஸ்கீமாவில் ஈனம், கட்டாயம், உச்ச எண்ணிக்கை என்று மாறும். அங்கே அட்டவணை இல்லை போன்ற பிழையை நெறிமுறைப் பிழையாக எறியாமல், பிழை என்ற குறியோடு விடையாகவே திருப்புங்கள். அப்போதுதான் மொழி மாதிரி அதை வாசித்துத் திருத்திக்கொள்ளும்.

கடைசியாகச் சோதனை. ஆவணத்தை மட்டும் கொடுத்து, முன் உரையாடல் எதுவும் இல்லாத புதிய ஏஜென்டிடம் பத்துக் கேள்வி கேளுங்கள். விடை உங்களுக்கு முன்பே தெரிந்த கேள்விகளாக இருக்கட்டும்: கிண்ணியாவில் சென்ற மார்கழி மாதம் எத்தனை நாள் படகு இறங்கியது, அறக்குளா மொத்தம் எத்தனை கிலோ, பதிவு வேறு மாவட்டம், இறங்கியது குச்சவெளி என்ற படகுகள் எத்தனை. பிரதேச செயலகப் பிரிவுகள் 11உம் விடையில் வருகின்றனவா, பதிவே இல்லாத பிரிவு விடுபடுகிறதா என்றும் பாருங்கள். கடலில்லாத கந்தளாய்க்குக் குளத்து மீன் மட்டும் வரலாம், அதையும் விளக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்டின் யூசர் கணக்கிலேயே ஓட்டுங்கள், உங்கள் கணக்கில் வேண்டாம். ஒவ்வொரு பிழைக்கும், ஏஜென்ட் ஓட்டிய கட்டளைகளை வரிசையாக வாசித்து எந்த வாக்கியம் இல்லாததால் அது ஊகித்தது என்று தேடுங்கள். பிழை ஒரு நிரலைப் பற்றியது என்றால் திருத்தம் கொமென்டில், கருவியை ஓட்டுவதைப் பற்றியது என்றால் இரண்டு பக்க ஆவணத்தில்.

ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கட்டளைகளைத் தானியங்கிச் சோதனையிலும் சேருங்கள்: ஒவ்வொரு மைக்ரேஷனுக்குப் பிறகும் அவை ஓடி, சொன்ன வெளியேறும் எண்ணைத் தருகின்றனவா, விளக்கம் இல்லாத நிரல் ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா. விளக்கமில்லாத நிரல் இருந்தால் சோதனை தோற்க வேண்டும். ஆரம்பத்தில் 720இல் 600க்கு விளக்கம் இல்லை என்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத முயலாதீர்கள். அந்த 600ஐ விலக்குப் பட்டியலில் போட்டு, ஏஜென்ட் தடுக்கி விழும் அட்டவணையிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒரு அட்டவணை என்று பட்டியலைக் குறைத்து வாருங்கள். பிடி, படகு, இறங்குதுறை, இனம் ஆகிய நான்கு அட்டவணைகள் முடிந்தாலே உங்கள் மாத அறிக்கைக்கு வேண்டியதில் பெரும்பகுதி கையில் இருக்கும்.